மஞ்சள் போர்டு கடையில் கத்துக்கிட்ட வியாபாரம்

போன மாசம் ஒரு தம்பி தோட்டத்துக்கு வந்திருந்தார். கோயம்புத்தூரில் விளம்பரக் கம்பெனி வேலை. சொந்தக்காரர் ஒருத்தர் வழியாகப் பழக்கம். வேப்பமரத்து நிழலில் கயித்துக் கட்டிலைப் போட்டு உக்கார வெச்சு, இளநீர் வெட்டிக் கொடுத்தேன். தோட்டத்தைச் சுத்திப் பாத்துட்டு வந்து சொன்னார்.

"அண்ணா, காய் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா விவசாயிகளுக்கு மார்க்கெட்டிங் தெரியறதில்ல. நீங்க ஒரு பேர் வைங்க, ஒரு லோகோ போடுங்க, தினம் ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க. அப்புறம் பாருங்க."

நல்ல மனசோட சொன்ன பேச்சு, அதனால நான் தலையை ஆட்டிக்கிட்டேன். கோபம் ஒண்ணும் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. ஏன்னா 1994ல் இருந்து 2009 வரைக்கும் பதினஞ்சு வருஷம் எங்க ஊர் பஸ் ஸ்டாப்புல எஸ்.டி.டி. பூத் வெச்சிருந்தவன் நான். காலையில தோட்டம், சாயங்காலம் பூத். ஒருத்தர் பேச்சை இன்னொருத்தருக்குக் கொண்டுபோய்ச் சேக்கிறதுதான் அந்தக் கடையோட வியாபாரம். இன்னிக்கு மார்க்கெட்டிங்னு சொல்றதுல எனக்குத் தெரிஞ்சது எல்லாமே அந்த நாலடிக்கு நாலடி கண்ணாடிக் கூண்டு பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டதுதான். அந்தத் தம்பிக்கு அன்னிக்குச் சொல்லாததை இங்க சொல்றேன்.

இப்ப இருக்கிற பிள்ளைகளுக்கு எஸ்.டி.டி. பூத்னா என்னன்னே தெரியாது. மஞ்சள் போர்டுல கறுப்பு எழுத்து. உள்ளே ஒரு போன், பக்கத்துல சிவப்பு எண் ஓடுற ஒரு மீட்டர், பேசி முடிச்சதும் சீட்டு துப்புற சின்ன பிரிண்டர். இதெல்லாம் கிராமம் வரைக்கும் வந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. 1984ல் மத்திய அரசு சி-டாட் என்ற ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கியது. சாம் பிட்ரோடா முன்நின்று நடத்தினார். ஏ.சி. ரூம் இல்லாமலே, நம்ம ஊர் வெயிலிலும் புழுதியிலும் ஓடுற மாதிரி சின்ன எக்ஸ்சேஞ்ச் ஒன்றை அவங்க செஞ்சாங்க. அது வந்த பிறகுதான் எங்களை மாதிரி ஊர்களுக்கு நேரடியா டயல் பண்ணுற போன் வந்தது. அதுக்கு முன்னாடி வெளியூருக்குப் பேசணும்னா தபாலாபீசுல டிரங்கால் பதிவு பண்ணிட்டு, அரை நாள் திண்ணையில காத்துக் கிடக்கணும்.

நான் படிச்சது பத்தாவது. மூணு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. ரெண்டு வருஷம் மழை ஏமாத்தினதுல கையில ஒண்ணும் இல்லை. வீட்டுக்காரம்மா சங்கிலியை அடகு வெச்சு டெபாசிட் கட்டினேன். "காத்துல பேசுறதுக்கு எவன்டா காசு குடுப்பான்?"னு எங்கப்பா கேட்டார். முதல் மாசம் அவர் சொன்னதுதான் சரின்னு பட்டது.

ஆறே மாசத்துல எதிர்த்தாப்புல இன்னொரு பூத் வந்துருச்சு. புதுக் கண்ணாடி, உள்ளே குட்டி ஃபேன், வெளியே நாலு பிளாஸ்டிக் சேர், டேப் ரெக்கார்டர்ல பாட்டு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. இந்தத் தொழில்ல ஒரு விசித்திரம் இருக்கு. கட்டணத்தை டெலிபோன் இலாகாதான் நிர்ணயிக்கும். நான் அஞ்சு பைசா குறைச்சுக் கொடுக்க முடியாது. அவனும் கூட்ட முடியாது. போன் லைனும் ஒண்ணுதான், எக்ஸ்சேஞ்சும் ஒண்ணுதான். விக்கிற சரக்கும் ஒண்ணு, விலையும் ஒண்ணு. அப்புறம் ஒரு ஆள் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு ஏன் வரணும்?

இந்தக் கேள்வியோட ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். பதில் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கிடைச்சது.

முதல் பதில் ஒரு அப்பத்தா சொல்லிக் கொடுத்தது. அவங்க மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. மாசம் ஒரு தடவை பேச வருவாங்க. போனை எடுத்ததும் நலம் விசாரிப்பு, அழுகை, மாடு கன்னு போட்டது, பக்கத்து வீட்டுச் சண்டை. மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். வெச்சுட்டு வெளியே வந்ததும், "அய்யோ, பணம் அனுப்பச் சொல்ல மறந்துட்டேனே"னு தலையில அடிச்சுக்குவாங்க. மறுபடி ஒரு கால். எனக்கு கமிஷன் ரெண்டு மடங்கு. ஆனா முந்தானை முடிச்சை அவிழ்த்து அவங்க காசு எண்ணுறதைப் பாத்தா மனசு கேக்கலை.

அடுத்த தடவை வந்தப்ப, "அப்பத்தா, முதல்ல என்னென்ன கேக்கணும்னு எங்கிட்ட சொல்லுங்க"ன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதினேன். பணம், தீபாவளிக்கு வர்ற தேதி, பேத்தி காய்ச்சல். போன்ல நின்னு ஒவ்வொண்ணா நான் கையைக் காட்டினேன். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. மிச்சக் காசைக் கையில வெச்சு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரிக்குள்ள மேலத்தெரு முழுக்க இந்தச் சேதி போயிருச்சு. அதுல இருந்து கல்லாப்பெட்டி பக்கத்துல துண்டுச் சீட்டும் பென்சிலும் எப்பவும் இருக்கும். ஒரு காலுக்கு வர்ற வருமானம் குறைஞ்சது, வர்ற ஆள் கூடிப்போச்சு. வாங்குறவன் காசை நம்ம காசு மாதிரி நினைச்சுப் பாத்தா அவன் திரும்பி வருவான். இதை எந்தக் காலேஜ்ல என்ன பேர்ல சொல்லிக் கொடுக்கிறாங்களோ, எனக்கு அப்பத்தா பாடம்னுதான் பேர்.

ரெண்டாவது, காதை அடக்குறது. பூத் வெச்சவனுக்கு ஊர் ரகசியம் எல்லாம் தெரியும். யாருக்குக் கடன், எந்த வீட்டுப் பொண்ணுக்கு வரன் தட்டிப்போச்சு, யார் புருஷன் குடிச்சுட்டு எங்கே கிடக்கான், எல்லாம் கண்ணாடியைத் தாண்டி காதுல விழும். பட்டாளத்துல இருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை ராத்திரி கூப்பிடுவாங்க. சம்சாரம் பேச வரும்போது மாமியாரும் கூடவே வந்து நிப்பாங்க. அந்தப் பொண்ணு "உம்", "சரிங்க" தவிர வேற என்ன பேசும்? நான் மாமியாரைக் கூப்பிட்டு, "வாங்கத்தை, பில்லு கணக்கு ஒண்ணு பாக்கி இருக்கு"ன்னு வாசலுக்கு அழைச்சுட்டுப் போயிடுவேன். கணக்கு ஒண்ணும் இருக்காது. அஞ்சு நிமிஷம் மழை, மாடு, வட்டின்னு பேசிட்டு விட்டுருவேன்.

எதிர்க்கடையில உக்காந்திருந்த பையன் கெட்டவன் இல்லை, வாய்தான் நிக்காது. ஒரு பொண்ணு பேசுனதை டீக்கடையில சொல்லிட்டான். அந்த வாரத்தோட பொம்பளைங்க அந்தப் பக்கம் போறதை விட்டுட்டாங்க. ஃபேனும் பாட்டும் அப்படியேதான் ஓடுச்சு, பேச ஆள் வரலை.

மூணாவது பாடம்தான் பெரிசு. அதைச் சொல்ல இன்னிக்கும் கூச்சமா இருக்கு.

எங்க பக்கம் விளையிற காய் எல்லாம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத்தான் போகும். அங்கிருந்து பெரும்பகுதி லாரியில கேரளாவுக்கு. அதனால ஓணத்துக்கு முன்னாடி விலை ஏறும், கேரளாவுல கடையடைப்புன்னா இங்க தக்காளி ரோட்டுல கிடக்கும். வீட்டுல போன் இல்லாத காலம். கமிஷன் கடைக்காரங்க எங்க பூத்துக்குப் பேசி, இன்னாருக்குச் சொல்லிருங்கன்னு சேதி கொடுப்பாங்க. இதுக்கு பி.பி. நம்பர்னு பேர். கல்யாணப் பத்திரிகை, லெட்டர் எல்லாத்துலயும் என் கடை நம்பரைப் போட்டு பக்கத்துல பி.பி.ன்னு எழுதியிருப்பாங்க. ஆளைப் போய்க் கூப்பிட, சேதி சொல்ல ரெண்டு ரூபாய் வாங்குவேன்.

1996ன்னு நினைவு. ஓணம் முடிஞ்ச சமயம். சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டியில இருந்து ஒரு கால். "கிழக்குத் தோட்டத்துக்காரருக்குச் சொல்லிருப்பா, நாளைக்கு கேரளாவுல பந்த். வண்டி போகாது. தக்காளி பறிக்க வேண்டாம்." நான் சரின்னு வெச்சேன். அந்த நேரம் பாத்து த்ரீ பேஸ் கரண்ட் வந்துருச்சு. மோட்டார் போட தோட்டத்துக்கு ஓடினேன். மடை மாத்தி, தண்ணி கட்டி முடிச்சு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்தவன்தான். சேதி மறந்தே போச்சு.

காலையில ஏழு மணிக்கு அவர் வண்டியில தக்காளிப் பெட்டியை ஏத்திக்கிட்டு எங்க பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போறார். அப்பத்தான் எனக்கு உறைச்சது. ஓடிப்போய் வண்டியை மறிச்சு விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் ஒரு வார்த்தை திட்டலை. வண்டியை விட்டு இறங்கி, பெட்டியைப் பாத்துக்கிட்டே நின்னார். பறிப்பு ஆளுங்க பதினோரு பேருக்குக் கூலி, வண்டி வாடகை, செடியில இருந்தாலாவது ரெண்டு நாள் தாங்கியிருக்கக் கூடிய காய். எல்லாம் போச்சு.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மறந்தது நான். வாங்கினது ரெண்டு ரூபாய் கூட இல்லை, சேதியைச் சொன்னாத்தானே வாங்குறது. எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் ஒண்ணும் இல்லை. பேசாம இருந்தா அவர் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா ரெண்டு ரூபாய்க்கு நான் என்ன விக்கிறேன்? போனா? போன் டெலிபோன் இலாகாவோடது. நான் விக்கிறது "உன் சேதி போய்ச் சேந்துரும்"ங்கிற ஒரு வார்த்தை. அந்த வார்த்தை பொய்யாப் போனா கடையில வேற சரக்கே இல்லையே.

கூலியும் வண்டி வாடகையும் கணக்குப் போட்டா 900 ரூபாய். எனக்கு அந்த மாசம் பூத்துல கைக்கு நின்னதுல பாதிக்கு மேல. கைமாத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்க மாட்டேன்னார். திண்ணையில வெச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் அவர் மகன் வந்து 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான். "கூலி மட்டும் எடுத்துக்கிட்டாராம், வண்டி வாடகை அவர் பாடாம்"னான்.

அன்னிக்கே ஒரு நோட்டு வாங்கினேன். வர்ற சேதி, நேரம், யாருக்கு, சொல்லியாச்சா, இந்த நாலு கட்டம். சொல்லி முடிச்சு டிக் போடாம கடையை அடைக்கிறதில்லைன்னு வெச்சுக்கிட்டேன். அப்படி மூணு நோட்டு நிறைஞ்சது.

நான் எதிர்பாக்காத ஒண்ணு அப்புறம் நடந்தது. அந்த 900 ரூபாய் கதை மண்டிக்குப் போயிருச்சு. எந்த ஊருக்குச் சேதி சொல்லணும்னாலும் என் நம்பருக்குத்தான் பேச ஆரம்பிச்சாங்க. தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு அன்னிக்கு விலை என்னன்னு சொல்லுவாங்க. நான் கடை வாசல்ல ஒரு சிலேட்டுப் பலகை மாட்டி, தக்காளி, கத்தரி, வெண்டை, முருங்கைன்னு விலையை எழுதிப் போட்டேன். அதுக்குக் காசு கிடையாது. பாக்க வந்தவங்க அப்படியே நின்னு நாலு பேர்ல ரெண்டு பேர் மண்டிக்கு ஒரு கால் போடுவாங்க. பூத் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நிக்க ஆரம்பிச்சது. பின்னால 1999ல் கலைஞர் ஆட்சியில மதுரையில முதல் உழவர் சந்தை வந்து, அங்க விலைப் பலகை மாட்டினதைப் பாத்தப்ப, நம்ம சிலேட்டு ஞாபகம் வந்து எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்தது.

சிலேட்டுக்கு ஒரு சோதனையும் வந்தது. ஒரு கமிஷன் கடைக்காரர், "எங்க கடை விலையை மட்டும் எழுது, மாசம் 300 ரூபாய் தர்றேன்"னார். ரெண்டு நாள் யோசிச்சேன், பொய் சொல்லலை. 300 ரூபாய் அன்னிக்குப் பெரிய காசு. அவர் சொல்ற விலையும் ஒண்ணும் பொய் விலை இல்லை. வீட்டுக்காரம்மா கிட்ட சொன்னேன். சோத்தைப் பிசைஞ்சு பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டே சொன்னாங்க: "பலகையில இருக்கிறது உங்க எழுத்துங்க. நாளைக்கு விலை முன்னப் பின்னப் போனா மண்டிக்காரர் பேரையா சொல்லுவாங்க?" அதோட அந்தப் பேச்சை விட்டேன்.

இன்னிக்கு விவசாயம் பத்தி வர்ற வீடியோக்களைப் பாக்கிறப்ப எல்லாம் இந்தச் சிலேட்டுதான் ஞாபகத்துக்கு வருது. "ஒரு ஏக்கரில் பல லட்சம்"னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே நிப்பார். நாத்து விக்கிறவர் காசு கொடுத்தாரா, உரம் விக்கிறவர் கொடுத்தாரான்னு பாக்கிறவனுக்குத் தெரியாது. எங்க பக்கத்துக்கே ஒரு பையன், நல்ல வேலையில இருந்தவன், வீடியோ பாத்துட்டு வந்து முருங்கை வெச்சான். காய் வந்த நேரம் விலை இல்லை. முருங்கை எப்படின்னா, ஒரு சமயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டும், இன்னொரு சமயம் பறிப்புக் கூலிக்குக் கட்டாம மரத்துலயே முத்திக் காயும். நூறு ரூபாய் வித்த நாள்ல எடுத்த வீடியோ பொய்யில்லை. மத்த நாளைச் சொல்லாததுதான் தப்பு. அந்தப் பையன் கடன் இன்னும் முடியலை. இதையும் மார்க்கெட்டிங்னுதான் சொல்றாங்க. எங்க ஊர்ல இதுக்கு வேற பேர்.

பூத் எப்படி முடிஞ்சதுன்னு கேப்பீங்க. 2003ல் செல்போனுக்கு இன்கமிங் இலவசம் ஆச்சு. 2006ல் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க எங்க பேசினாலும் நிமிஷம் ஒரு ரூபாய்னு திட்டம் கொண்டாந்தது. ராத்திரி கால் ரேட்டுக்காகக் காத்திருந்த கூட்டம் கரைஞ்சு போச்சு. நான் ரீசார்ஜ் கார்டு வித்தேன், சிம் கார்டு வித்தேன், ஈசி ரீசார்ஜ் போட்டேன். எதுலயும் கைக்கு நிக்கலை. 2009 பொங்கலுக்கு முன்னாடி போர்டைக் கழட்டினேன். அழுகை ஒண்ணும் வரலை. ஊர் சனத்துக்குக் கையிலயே போன் வந்தது நல்லதுதானே. அந்தப் பட்டாளத்துக்காரர் சம்சாரம் இப்ப வீடியோ கால்ல மொட்டை மாடியில நின்னு சிரிச்சுப் பேசுது. அதுக்கு நான் வாசல்ல பொய்க் கணக்கு பாக்க வேண்டியதில்லை.

இப்ப தோட்டத்துக்கு வர்றேன். ஏழெட்டு வருஷமா ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சு, திண்டுக்கல்லில் 35 வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை காய் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பேரும் வைக்கலை, லோகோவும் இல்லை. பழைய நோட்டுல இருந்த நம்பர்கள்ல ஊரை விட்டுப் போய் டவுன்ல இருக்கிறவங்க பத்துப் பேரை வெச்சுத்தான் ஆரம்பிச்சேன். மத்தவங்க அவங்க சொல்லி வந்தவங்க.

ஆரம்பத்துல ஒரு தடவை, கத்தரியில காய்ப்புழு விழுந்திருந்தது. வெளியே பாத்தா தெரியாது, வெட்டினா சொத்தை. சொல்லாம அனுப்பலாமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. தக்காளிப் பெட்டி கண்ணுக்கு முன்னாடி வந்து நின்னது. குரூப்புல பேசி அனுப்பினேன்: "இந்த வாரம் கத்தரியில புழு இருக்குங்க. மருந்து அடிச்சுட்டு உடனே பறிக்க எனக்கு மனசில்லை. பத்துக் காய்க்கு ரெண்டு சொத்தை வரலாம். கிலோவுக்கு ரெண்டு மூணு காய் சேத்துப் போடுறேன். வேண்டாம்னா சொல்லிருங்க." ரெண்டு வீடு வேண்டாம்னாங்க. மத்தவங்க வாங்கினாங்க. ஒரு அம்மா, "புழு இருக்குன்னு சொல்லிக் காய் வித்த ஆளை இப்பத்தான் பாக்கிறேன்"னு சிரிச்சாங்க. அடுத்த மாசம் அவங்க சொல்லி மூணு வீடு புதுசா வந்தது.

ஆனா ஒண்ணு, நேரடியா வித்தா விவசாயி பணக்காரன் ஆயிடுவான்னு நான் சொல்ல மாட்டேன். கணக்கைப் பாருங்க. 35 வீட்டுக்கு, வீட்டுக்கு அஞ்சு கிலோ வெச்சாலும் வாரம் 175 கிலோ. சீசன்ல என் தோட்டத்துல ரெண்டு பறிப்புக்கே அதைவிடப் பல மடங்கு வரும். மிச்சம் எல்லாம் இன்னிக்கும் ஒட்டன்சத்திரம் மண்டிக்குத்தான். டவுன்ல இருக்கிறவங்க இடைத்தரகர் ஒழிஞ்சா எல்லாம் சரியாயிரும்னு பேசுறாங்க. கமிஷன் பிடிக்கிறாங்க, உண்மை. எனக்கும் வயித்தெரிச்சல் உண்டு. அதே மண்டிக்காரர்தான் நான் எத்தனை பெட்டி கொண்டுபோனாலும் வேண்டாம்னு சொல்லாம இறக்கி வெப்பார். பிள்ளைக்கு பீஸ் கட்டணும்னா முன்பணம் தருவார். பந்த்னா ராத்திரியே போன் பண்ணிச் சொல்லுவார். அந்த மூணு வேலையையும் செய்ய வேற ஆள் வர்ற வரைக்கும் அவர் இருப்பார். 2004ல் இருந்து கிசான் கால் சென்டர் இருக்கு, 2018ல் உழவன் ஆப் வந்தது. விலையும் யோசனையும் கையிலயே கிடைக்குது, நல்லதுதான். ஆனா விலை தெரியறது வேற, அந்த விலைக்கு நம்ம காயை எடுத்துக்க ஒரு ஆள் இருக்கிறது வேற.

அதனால அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். விவசாயிக்கு மார்க்கெட்டிங் தெரியலைங்கிறது பாதிதான் உண்மை. பேர் வைக்கிறதும் படம் போடுறதும் போர்டு மாட்டுற வேலை. எதிர்க்கடைப் பையனும் நல்ல போர்டுதான் மாட்டியிருந்தான். வந்தவனைத் திரும்பி வர வைக்கிறது சேதியைச் சரியாக் கொண்டுபோய்ச் சேக்கிறதுல இருக்கு. கெட்ட சேதியா இருந்தா முதல்ல சொல்லணும். மறந்துட்டா நஷ்டத்தை நம்ம தலையில போட்டுக்கணும். இதை வீடியோவுல காட்ட முடியாது, வருஷக்கணக்கில் செஞ்சாத்தான் ஊருக்குத் தெரியும்.

டவுன்ல இருந்து இதைப் படிக்கிற உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. சேதிங்கிறது ரெண்டு பக்கமும் போகணும். வெள்ளிக்கிழமை நான் குரூப்புல காய் பட்டியல் போடுவேன். எல்லாரும் பாத்துட்டதா நீல டிக் காட்டும். பதில் வராது. வேணுமா வேண்டாமான்னு தெரியாம நான் உத்தேசமாப் பறிப்பேன். ஞாயித்துக்கிழமை கதவைத் தட்டினா, "அடடா, நேத்து சூப்பர் மார்க்கெட் போயிட்டு வந்துட்டோமே"ம்பாங்க. உங்களுக்கு அது ரெண்டு கிலோ வெண்டை. எனக்கு அது ஒரு ஆள் அரை நாள் குனிஞ்சு பறிச்ச கூலி. 1996ல் நான் ஒரு மனுஷனுக்குச் செஞ்ச அதே தப்பைத்தான், தெரியாமலே, நீங்க எனக்குச் செய்றீங்க.

வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை போடுங்க. எனக்கு மனவருத்தமே வராது, செடியிலயே விட்டுருவேன். இது எங்கிட்ட வாங்குறவங்களுக்கு மட்டும் இல்லை. உங்க ஊர்ல கீரைக்காரம்மா, பால்காரர், யார்கிட்ட வாங்கினாலும் சரி. நாளைக்கு ஊருக்குப் போறோம், கீரை வேண்டாம்னு முன்னாடி நாளே சொல்லிட்டுப் போங்க. அந்தம்மா விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உங்களுக்குன்னு ஒரு கட்டு எடுத்து வெக்கிறாங்க.

அந்த மூணு நோட்டும் இன்னும் பரண்ல இருக்கு. மஞ்சள் போர்டு மோட்டார் ரூமுக்குக் கதவா இருக்கு, எழுத்து பாதி அழிஞ்சு போச்சு. இந்த வாரம் கத்தரி நல்லா இருக்குங்க, புழு இல்லை. முருங்கை மட்டும் கொஞ்சம் முத்தலா வரும், சாம்பாருக்கு ஆகும். வேணுங்கிறவங்க சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிருங்க. வேண்டாங்கிறவங்களும் சொல்லிருங்க.